பம்பு நின்ற இடத்தில் ஒரு வீடு

மலேசியாவில் ரவாங்கை அடுத்த குண்டாங் பக்கம் நிலம் பார்க்கப் போன அன்று, தரகர் காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். ஏரியைப் பற்றி எனக்குச் சொன்னவர் பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவர், பாக்சிக். ரம்புத்தான் மரத்தடியில் பாராங் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, தண்ணீரின் நடுவைக் கை நீட்டிக் காட்டினார். பம்பு அங்கேதான் இருந்ததாம். இராப்பகலாக ஓடுமாம். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாராம். ஒருநாள் பம்பை நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் முழுக்கத் தூக்கமே வரவில்லை என்றார்.

நாங்கள் ஏரி என்று சொல்வது பழைய ஈய லம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம். மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து, அந்தச் சேற்றைப் பம்பு வைத்து மேலே இழுத்து, பாலோங் என்கிற நீண்ட மரச்சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தெடுத்த குழி. குழிக்குள் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். 1985 அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போனது. விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. நாடெங்கும் லம்பங்களை மூடினார்கள். பம்பு நின்றதும் ஊற்றும் மழையும் சேர்ந்து குழிகளை நிரப்பின. கோலாலம்பூரைச் சுற்றி நாம் தூண்டில் போடும் ஏரிகளில் பல இப்படி வந்தவைதான்.

பம்பு விஷயத்தில் ரவாங் வட்டாரத்துக்குத் தனிப் பெருமையும் உண்டு. 1894-இல் சுரங்க முதலாளிகளான லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் இருந்த தங்கள் லம்பத்தில் பம்பு ஓட்ட மின்னாக்கி வைத்தார்கள். இந்த நாட்டில் மின்சாரத்தின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். பத்துமலைக் கோயிலோடு சேர்த்து நாம் நினைக்கிற அதே தம்புசாமிப் பிள்ளைதான். நிலத்தைப் பார்த்துவிட்டு கோலாலம்பூரில் செந்தூல் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதை என் மனைவியிடம் சொன்னேன். "சரி, நமக்குக் கரண்டு வருமா, அதைச் சொல்லுங்க" என்றாள்.

ஏன் அங்கே ஒரு வீடு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அப்பாவைப் பற்றித்தான். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் தச்சர். ரயில் பெட்டிகளுக்கு மர இருக்கையும் சன்னல் சட்டமும் செய்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் என்னையும் தம்பியையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு செத்தாப்பாக் பக்கத்து ஈயக்குட்டைக்குத் தூண்டிலோடு போவார். மீன் கிடைக்காத நாட்கள்தான் அதிகம். கரையில் கால் நீட்டி உட்கார்ந்து, "இங்கயே ஒரு பலகை போட்டு ஒக்காந்துரலாம்டா" என்பார். அவர் 2016-இல் போனார். அவருடைய தச்சுப்பெட்டி என்னிடம் வந்தது. இழைப்புளி இரண்டு, உளி ஏழு, மூலைமட்டம், தூக்குக் குண்டு, பச்சை நிறம் ஏறிப்போன நீர்மட்டக் குழாய் ஒரு சுருள். 2018-இல் நிலத்தை வாங்கியபோது எனக்குள் தெளிவாக இருந்த திட்டம் ஒன்றே ஒன்று. வீடு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், தண்ணீரைப் பார்த்த அந்தப் பலகைத் தளத்தை மட்டும் நானே போடவேண்டும்.

இப்படி ஆசையோடு இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து எந்த வேலையையும் உங்கள் கையில் எடுக்காதீர்கள். தவறு நடந்தால் யாருக்கு ஆபத்து, நடந்த தவறைப் பிரித்துத் திரும்பச் செய்ய முடியுமா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். பலகை கோணலாகப் போனால் கழற்றி மாட்டலாம். அஸ்திவாரத்தைக் கழற்ற முடியாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தின் கிராண்டை, அதாவது உரிமைப்பத்திரத்தை, வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கவேண்டும். விவசாய நிலமா, கட்டட நிலமா என்பது அதில் இருக்கும். நில அலுவலகத்தில் தேடல் மனு போட்டு, கடன் பிணை ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கிராண்டின் எல்லை கரைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏரி எங்களுடையது அல்ல, ரிசாப் என்று ஒதுக்கிவைத்த கரையோர நிலமும் எங்களுடையது அல்ல. அதில் ஒரு கல்கூட நட முடியாது. வீட்டு வரைபடத்தைக் கட்டடக் கலைஞர்தான் செலாயாங் நகராண்மைக் கழகத்தில் சமர்ப்பித்தார். 2007 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, வீடு முடிந்ததும் குடிபுகும் சான்றிதழில் கையெழுத்திடுவதும் அவர்தான். அந்தப் பொறுப்பு அவர் தலையில் இருப்பதால், என்னென்ன வேலையை நானே செய்யப்போகிறேன் என்பதை ஆரம்பத்திலேயே அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மண்ணைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும்.

லம்பத்து நிலம் பார்வைக்கு நல்ல மணல் தரை மாதிரி இருக்கும். நடந்தால் கால் புதையாது. ஆனால் ஈயம் எடுத்த பிறகு கழித்துவிட்ட மணலும் களிச்சேறும் பாளம் பாளமாக அடியில் கிடக்கும். பொறியியலாளர் ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) புரோப் கொண்டு சோதனை செய்தார். கூம்பு முனையுள்ள ஓர் இரும்புக் கம்பியை நிறுத்தி, 5 கிலோ சுத்தியலை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுக்கொண்டே, ஒவ்வோர் அடி ஆழம் இறங்க எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுவார்கள். முதல் நாலைந்து அடிக்கு முப்பது, நாற்பது என்று எண்ணினார்கள். எனக்கு மகிழ்ச்சி. அதன்பிறகு எண்ணிக்கை எட்டானது, நாலானது. ஓர் இடத்தில் சுத்தியலை வைத்ததுமே, தட்டாமலே கம்பி தானாக ஓர் அடி இறங்கிப்போனது. கம்பியைப் பிடித்திருந்த பையன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. 7 மீட்டருக்குக் கீழேதான் கெட்டி மண் வந்தது.

நான் பக்காவ் என்கிற அலையாத்தி மரக் கட்டை அடித்தால் போதாதா என்று கேட்டேன். அப்பா காலத்தில் இளகிய மண் என்றாலே பக்காவ்தான். பொறியியலாளர் பொறுமையாகச் சொன்னார். "அந்தக் கட்டை எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் பல காலம் நிற்கும், ஐயா. உங்கள் ஏரி வெயில் காலத்தில் இறங்கும், மழையில் ஏறும். தலைப்பகுதி காய்ந்து நனைந்து, காய்ந்து நனைந்து மக்கிவிடும்." கடைசியில் 150 மில்லிமீட்டர் சதுரக் கான்கிரீட் தூண்களை, பைல்களை, மண்ணுக்குள் இறக்கினோம். மூன்று அறை வீட்டுக்கு இவ்வளவா என்று மனம் கணக்குப் போட்டது உண்மை. கம்பி தானாக இறங்கியதைப் பார்த்தவன் என்பதால் வாய் திறக்கவில்லை.

கூரையிலும் நான் ஏறவில்லை. ஒன்று மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். தாழ்வாரம் சுவரைவிட்டு நாலு அடி வெளியே நீளவேண்டும். ஏரிப்பக்கத்தில் மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்து அடிக்கிறது. மின்சார வேலை, பதிவு பெற்ற ஒயரிங்காரரிடம். சட்டமும் அதுதான், புத்தியும் அதுதான். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் சுவிட்சு தனியாக வைத்தார். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கிறது என்பதால், மின்னல் தாக்குக்கு ஒரு தடுப்பும் வைத்து, பூமிக்கம்பி சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டினார்.

மலக்கழிவுத் தொட்டியில்தான் நான் தவறு செய்தேன். ஏரிக்குக் கழிவு போகக்கூடாது என்று தொட்டியைச் சாலைப்பக்கம் தள்ளி வைத்தோம், அது சரி. கண்ணாடியிழைத் தொட்டி, 2,000 லிட்டர். ஒரு சனிக்கிழமை மாலை குழியில் இறக்கிவிட்டு, "அண்ணே, இன்னைக்கே தண்ணி ரொப்பிடுங்க, அப்புறம்தான் மண்ணு தள்ளணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் வேலை பார்த்த தம்பி. ரப்பர் குழாய் அவ்வளவு தூரம் எட்டவில்லை. நாளைக்கு ஒரு குழாய் வாங்கி வரலாம் என்று விட்டுவிட்டேன். இரவு பெரிய மழை. காலையில் வந்து பார்த்தால் தொட்டி இரண்டு அடி மேலே எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, படகு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. இணைப்புக் குழாய் முறிந்து கிடந்தது. நிலத்தடி நீர் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அங்கே. 2,000 லிட்டர் காலித்தொட்டி முழுக்க அமிழ்ந்தால் தண்ணீர் அதை 2 டன் விசையில் மேலே தள்ளும். தொட்டியின் எடை 100 கிலோ இருக்குமா? குழியை இறைத்து, அடியில் கான்கிரீட் பலகை போட்டு, பட்டை கொடுத்துக் கட்டி, தண்ணீர் நிரப்பி, மறுபடி செய்தோம். அந்தத் தம்பி சொன்ன சொல்லுக்கு நான் கொடுத்திருக்கவேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை. அவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

சரி, பலகைத் தளத்துக்கு வருகிறேன்.

அகலம் 12 அடி, நீளம் 20 அடி. மேலே பாலாவ் பலகை, கீழே செங்கால் சட்டம், இரண்டும் கடின மரம். செங்கால் புதிதாக வாங்கும் வசதி எனக்கில்லை. பழைய கடைவீட்டை இடித்த மரம் விற்கும் இடத்தில், ஆணியோடும் சுண்ணாம்போடும் கிடந்ததைப் பொறுக்கினேன். அது நல்லதாகப் போயிற்று. பல்லாண்டு காய்ந்த மரம் இனி வளையாது. அப்பா மரம் வாங்கும்போது முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்பார், எச்சில் தொட்டுத் தேய்ப்பார். வைரம் பாய்ந்த பகுதி உடனே நிறம் கருக்கும். ஓரத்து வெளிறிய பகுதி தனியாகத் தெரியும். கரையான் முதலில் நுழைவது அந்த வெளிறிய ஓரத்தில்தான். நானும் ஒவ்வொரு கட்டையையும் அப்படித்தான் பார்த்தேன். கடைக்காரத் தவுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் உள்ளே போய் நல்ல கட்டைகளாக நாலு எடுத்துவந்து போட்டார்.

பாலாவ் புதுமரம், 2020 பிப்ரவரியில் வாங்கினேன். இங்கே மரத்தை டன் கணக்கில் விற்கிறார்கள். அது எடை அல்ல, 50 கன அடி. முதல்முறை வாங்குகிறவர்கள் இதில் குழம்பிப்போவார்கள். பலகையை இறக்கி, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் குச்சி வைத்து அடுக்கி, மேலே ஜிங்குத் தகரம் போட்டு மூடினேன். மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லாம் நின்றது. செந்தூல் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, மரம் என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டதுதான் மிச்சம். பாக்சிக் வாரத்துக்கு ஒரு படம் வாட்சப்பில் அனுப்புவார். தகரம் இருக்கிறது, மரம் இருக்கிறது என்று காட்டுவதற்காக. ஐந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பலகைகள் அழகாகக் காய்ந்திருந்தன. அவசரப்பட்டுப் பச்சையாக அடித்திருந்தால் பின்னால் சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கும். அந்த ஐந்து மாதத்தை நானாகக் கொடுத்திருக்கமாட்டேன்.

வேலை இதுதான். ஏரிப்பக்கத்திலிருந்து வீட்டுப்பக்கம் வரை நாலு வரிசை, வரிசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு கால்கள். வீடு பைல்மேல் நிற்கிறது, தளம் மேல்மண்ணில் நிற்கப்போகிறது. இரண்டும் ஒரே மாதிரி இறங்காது. ஆகவே தளத்தை வீட்டோடு எங்கேயும் சேர்க்கக்கூடாது, ஓர் அங்குலம் விட்டுவிட வேண்டும் என்று பொறியியலாளர் கண்டிப்பாகச் சொன்னார். ஒவ்வொரு காலுக்கும் இரண்டடிச் சதுரக் கான்கிரீட் தட்டு. அதில் மரையிட்ட தடித்த கம்பி. கம்பியில் நட்டு, நட்டின்மேல் இரும்புத் தகடு, தகட்டின்மேல் உத்திரம். நட்டைத் திருப்பினால் உத்திரம் ஏறும், இறங்கும். இந்த யோசனையைக் கொடுத்ததற்கு அவருக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன்.

பன்னிரண்டு காலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர லேசர் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. நான் அப்பாவின் குழாயை எடுத்தேன். கண்ணாடி மாதிரியான ரப்பர் குழாயில் தண்ணீரை நிரப்பி, இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரமானாலும் இரு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். சின்ன வயதில் எங்கள் செந்தூல் வீட்டுக்குப் பின்கட்டு இழுத்தபோது ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். "கொமிழு இருந்தா கொழாய் பொய் சொல்லும்டா, மொதல்ல கொமிழப் பாரு" என்பார். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் இரண்டு மட்டமும் வேறுவேறாகக் காட்டும். குழாயை முழுக்க நீட்டி, சுண்டிச் சுண்டி, குமிழை ஒரு நுனிக்கு ஓட்டிவந்து வெளியேற்றவேண்டும். பாசி படிந்திருந்த அந்தப் பழைய குழாயைக் கழுவவே எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. உப்பும் அரிசியும் போட்டுக் குலுக்கிக் கழுவச் சொன்னது என் மனைவி.

பாலாவில் துளை போடாமல் திருகாணி இறக்கமுடியாது. இறக்கினால் பலகை நுனி பிளக்கும், அல்லது திருகாணியின் தலை முறியும். 63 பலகை, கீழே 10 சட்டம், ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு. மொத்தம் 1,260 துளை. எல்லாம் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி. சாதா இரும்பு போட்டால் இந்த மரத்தின் சாறு பட்டு, ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மைக்கறை மாதிரி கறுப்பு வட்டம் விழும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் விட, சம கனத்தில் குச்சிகள் செதுக்கி வைத்துக்கொண்டேன். வெட்டிய நுனிகளில் மெழுகு பூசினேன். தண்ணீர் அதிகமாகக் குடிப்பது நுனிதான்.

ஒரு நாளைக்கு ஆறு பலகை முடிந்தால் பெரிது. வெயில் ஏறினால் முதுகு தாங்காது. மதியம் மூன்று மணிக்கு மேகம் கறுத்துவிடும். சனி, ஞாயிறு மட்டும் வேலை, மூன்று மாதம் பிடித்தது. மச்சான் சில நாட்கள் வந்து கைகொடுத்தார். சட்டத்தில் பழைய ஆணித்துளை இருந்த இடங்களில் சின்ன ஆப்பு சீவி அடைத்தேன். அப்போது இழைப்புளி போட்டால் பழைய செங்காலின் வாசனை வரும். அப்பாவின் சட்டை வாசனை அது. பட்டறையிலிருந்து வந்து ஆணியில் மாட்டும் காக்கிச் சட்டை. முதல் நாள் அந்த வாசனை வந்தபோது வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கரையோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வண்ணம் பூசியதும் நாங்கள்தான், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. குளியலறைக்கு நீர்த்தடுப்புப் போட்டதும் ஓடு பதித்ததும் தெரிந்த கைகள்.

ஆனால் கரையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். லம்பக் குட்டை ஆற்றங்கரை மாதிரி மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. இரண்டு எட்டு வைத்ததும் செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு. கால் வைத்தால் பிடிக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படிப்பட்ட குட்டைகளில் உயிரை விட்டிருக்கிறார்கள். ஆகவே தளத்தைச் சுற்றி நாலடிக் கம்பித் தடுப்பும், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவும் போட்ட பிறகே பிள்ளைகளை முதல்முறை கூட்டிப்போனேன். காட்சி கெட்டுப்போகிறது என்று சொன்ன உறவினர்கள் உண்டு. தடுப்பை எடுக்கப்போவதில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு வாரக்கடைசி அங்கேதான். விடியற்காலையில் மீன்கொத்தி வரும். நாங்கள் தேத்தண்ணியோடு உட்கார்வதற்கு முன்பே உடும்பு ஒன்று தளத்தின் ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டம் கூட்டமாக மேலே வரும்போது தூண்டிலைத் தொடுவதில்லை. தாய்மீன் அடியில் காவல் இருக்கும் என்று அப்பா விடமாட்டார், நானும் விடுவதில்லை.

முதல் ஆண்டு முடிந்தபோது தளத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தான் மகன். அது நிதானமாக ஏரிப்பக்கம் உருண்டு போனது. குழாயை எடுத்து அளந்தோம். ஏரிப்பக்கத்து வரிசை 22 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நடு வரிசைகள் 9 வரை, வீட்டுப்பக்கம் 4. சொன்னபடியே நடந்திருக்கிறது. வீடு அசையவில்லை. காரின் ஜாக்கியை உத்திரத்துக்கு அடியில் கொடுத்து எடையை ஏந்தி, நட்டைத் திருப்பி ஏற்றினோம். இரண்டாம் ஆண்டு ஏரிப்பக்கம் 11. போன ஆண்டு 6. மண் மெல்ல அடங்கிக்கொண்டு வருகிறது.

இந்த ஆண்டு தைப்பூச விடுமுறையில் போயிருந்தோம். நான் தளத்துக்கு அடியில் படுத்திருந்தேன். மகன் மேலே, வீட்டுச் சுவரில் போட்ட குறிக்கு நேரே குழாயின் நுனியைப் பிடித்திருந்தான். நான் கேட்பதற்கு முன்பே, "கொமிழு இல்லப்பா, பாத்துட்டேன்" என்று குரல் கொடுத்தான். ஜாக்கியை ஏற்றிவிட்டு நட்டில் ஸ்பேனரைப் போட்டு அரைச்சுற்றுத் திருப்பினேன்.

"இன்னும் ஒரு மில்லிப்பா."